ஆபரேஷனோடு சூடான கீமோ: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று சைக்கிள் கீமோ முடிந்துவிட்டது. ஆபரேஷனின்போதே வயிற்றுக்குள் சூடான கீமோ (ஹைபெக்) கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். செலவும் ஆபத்தும் அதிகம் என்று வீட்டில் தயங்குகிறார்கள். அவசியமா?

பதில்: ஹைபெக்குக்கு நல்ல ஆதாரம் இருக்கும் கட்டத்தில்தான் உங்கள் அம்மா இருக்கிறார். 2018-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இதே நிலையில் இருந்த 245 பெண்கள் சேர்ந்தார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 33.9 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சூடாக வயிற்றுக்குள்ளும் பெற்றவர்களுக்கு அது 45.7 மாதம். தீவிரச் சிக்கல்கள் ஏறக்குறைய சமம்: 25%, 27%.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 1 செ.மீ.க்கு மேல் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தவர்கள்தான் அந்த ஆய்வில் இருந்தார்கள். மருந்து திசுவுக்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டியைக் கத்திதான் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் செல்களுக்குத்தான் மருந்து. பெருங்குடலிலிருந்து வயிற்றுச் சவ்வில் பரவிய புற்றுநோய்க்கு பிரான்சில் நடந்த ஆய்வில், நன்றாகக் கட்டி அகற்றிய பிறகு ஆக்சாலிபிளாட்டின் என்ற வேறொரு கீமோ மருந்தைச் சூடாகச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை (சேர்த்தவர்களுக்கு 41.7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 41.2 மாதம்). ஆகவே, வேறு புற்றுநோய் வந்த உறவினரின் அனுபவத்தை வைத்து அம்மாவுக்கு முடிவெடுக்காதீர்கள்.

ஆபரேஷனில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள், உச்சம் 39. கர்ப்பப்பை, சினைப்பைகள், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, நோய் படிந்த சவ்வு எல்லாம் வெளியே வரும். தேவைப்பட்டால் குடலின் ஒரு துண்டு, மண்ணீரலும். சிறுகுடல் முழுக்க நோய் படிந்திருந்தால் அங்கேயே நிறுத்துவதுதான் சரியான முடிவு. குடலை எல்லாம் எடுத்துவிட்டு ஒருவர் வாழ முடியாது.

பிறகு குழாய்கள் வைத்து, மருந்து கலந்த திரவத்தை இயந்திரம் 90 நிமிடம் சுழற்றும். நெதர்லாந்து ஆய்வில் வயிற்றுக்குள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ், சிஸ்பிளாட்டின் அளவு உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 100 மி.கி. மருந்தின் பாதி முதலில், மீதி இரண்டு தவணையாக. உடல் சூடும் ஏறுவதால் மயக்க மருந்து டாக்டர் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பார். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைத் தடுக்க அங்கே சோடியம் தயோசல்ஃபேட்டை நரம்பில் ஏற்றினார்கள். உங்கள் மருத்துவமனையில் அது கொடுப்பார்களா, சிறுநீர் அளவை மணிக்கு மணி பார்ப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அம்மாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏற்கெனவே கூடியிருந்தால் இந்த மருந்தே பொருந்தாமல் போகலாம்.

டாக்டரிடம் இன்னும் இதையெல்லாம் கேளுங்கள்: புதிய சி.டி. ஸ்கேன் பார்த்து, முழுதாக எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? முதலில் லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழியாக கேமரா விட்டு) உள்ளே பார்ப்பீர்களா? இந்தக் குழு வருடத்துக்கு எத்தனை செய்கிறது? வயிற்றில் மலப்பை வைக்க வேண்டி வருமா? நெதர்லாந்து ஆய்வில், குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்களில் ஹைபெக் பெற்றவர்களுக்குப் பை வைப்பது அதிகமாக இருந்தது. மண்ணீரல் எடுக்க வாய்ப்பிருந்தால் நிமோகாக்கல் முதலிய தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் பத்து நாள் மிகக் கவனமாக இருங்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுவது, வயிறு உப்பி வலி கூடுவது, குழாயில் வரும் நீர் கலங்கிப் பச்சையாகவோ மலநிறமாகவோ மாறுவது, இவை குடல் இணைப்பு கசிவதன் அறிகுறிகள். இரவானாலும் நர்ஸை எழுப்பிச் சொல்லுங்கள். உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) சவ்வை உரித்திருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்து மூச்சு வாங்கலாம். ரத்தம் உறையாமலிருக்கும் ஹெப்பாரின் ஊசி வழக்கமாக நான்கு வாரம் தொடரும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீதி மூன்று சைக்கிள் கீமோவும் பாக்கி இருக்கிறது. அதற்குத் தெம்பு வேண்டுமென்றால் புரதச் சாப்பாட்டையும் நடைப்பயிற்சியையும் ஆபரேஷனுக்கு முன்பிருந்தே, இந்த வாரமே, தொடங்குங்கள்.