அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டீம் ஸ்கோர் எடுக்காவிட்டால் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவது நியாயமா?

போன சனிக்கிழமை உங்கள் டீம் தோற்றிருக்கும் போல. கோபம் புரிகிறது. ஆனாலும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவது நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன்.

நான் ஐயோவா சிட்டியில் எம்.எஸ். படித்தவன். ஐயோவா பல்கலைக்கழக டீமின் கின்னிக் ஸ்டேடியத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2022 செப்டம்பர் 3 அன்று. சவுத் டகோடா ஸ்டேட்டை ஐயோவா 7-3 என்று ஜெயித்தது. 7 என்றதும், பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்று (6 புள்ளி, அதோடு உதைத்து எடுக்கும் 1) என்று நினைப்பீர்கள். கிடையாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று, சேஃப்டி இரண்டு. எதிரணியை அவர்களுடைய கோல் எல்லைக்குள்ளேயே மடக்கி டிஃபென்ஸ்காரர்கள் வாங்கித் தரும் 2 புள்ளிதான் சேஃப்டி. குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ராஸ் எறிந்த 25 பந்தில் 11தான் சேர்ந்தது. டீம் முன்னேற முடியாமல் நின்றால் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்பும் பன்ட்டர் டோரி டெய்லர் 10 தடவை வந்து போனார். கைதட்டல் எல்லாம் அவருக்கு. பெட்ராஸுக்கு "பூ..." என்று ஊளை. மறைப்பானேன், நானும் ஊளையிட்டேன். விதிகூட அரைகுறையாகத் தெரிந்த காலம்.

பக்கத்து சீட் பெரியவர் என் தோளைத் தட்டி, ஓரத்தில் நின்ற தலைமைக் கோச் கிர்க் ஃபெரன்ட்ஸைக் காட்டினார்: "அவர் பையனைக் கேள்." அப்புறம்தான் விவரம் தெரிந்தது. என்ன ஆட்டம் போடுவது என்று முடிவெடுக்கும் அஃபென்ஸ் கோச், கிர்க்கின் மகன் பிரையன். அந்த வருடம் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவரே!

அடுத்த வருடம் மிச்சிகனிலிருந்து புதுக் குவார்ட்டர்பேக்காக கேட் மெக்நமாரா வந்தார். பிரையனின் ஒப்பந்தத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி என்று இலக்கு வேறு எழுதினார்கள். வந்தது 15.4. அஃபென்ஸ் முன்னேறிய யார்டு கணக்கில் முதல் பிரிவின் 133 டீமில் கடைசி. ஆள் மாறியும் கதை மாறவில்லை. (மெக்நமாராவுக்கு ஐந்தாவது ஆட்டத்திலேயே முழங்கால் போனது, தெரியும், கமென்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். பெட்ராஸ் பெரிய ஆட்டக்காரர் என்றும் நான் சொல்லவில்லை.)

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கிளையன்ட் டெமோ நடுவில் திரை அப்படியே உறைந்து நின்றது. சர்வர் போதாது என்று மூன்று தடவை மெயில் போட்டிருந்தேன். செலவு என்று தள்ளிவிட்டவர் மேனேஜர். ஆனால் ஸ்கிரீன் ஷேர் செய்தது நான். ரிவ்யூவில் யார் பெயர் வந்திருக்கும்?