‘மாக்கிங்ஜே’ பற்றி என் எண்ணம் ஏன் மாறியது? – கேள்வி பதில்

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் மூன்றாவது நாவல் ‘மாக்கிங்ஜே’ (2010). இங்கே அதன் முடிவு வரை பேசுகிறோம். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, இந்த மூன்றாவது புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இப்போது மூன்றில் இதுதான் சிறந்தது என்கிறீர்களே?

ஆமாம், சொன்னேன். முதல் தடவை படித்தபோது அவ்வளவு கோபம் வந்தது. வில்லோடு காட்டில் திரிந்த கதாநாயகி காட்னிஸ், இதில் கிளர்ச்சிக்காரர்களின் தளமான 13ஆம் மாவட்டத்தின் சாமான் அறைகளில் ஒளிந்துகொண்டு தூங்குகிறாள். தங்கை பிரிமைக் காப்பாற்றத்தான், பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைத்து டிவியில் காட்டும் போட்டிக் களத்துக்கே அவள் போனாள். அந்தப் பிரிம் கடைசியில் குண்டு வெடித்துச் சாகிறாள். அப்புறம் இத்தனை பக்கம் எதற்கு என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து மூன்றையும் ஒரே மூச்சில் மறுபடி படித்தேன். அப்போதுதான் கண்ணிகள் கண்ணில் பட்டன. முதல் புத்தகத்தில் காட்னிஸின் வேட்டைத் தோழன் கேல் முயலுக்குக் கண்ணி வைக்கிறான். பட்டினி கிடக்கும் இரண்டு வீடுகளுக்குச் சோறு போடும் கண்ணி என்பதால் நமக்கும் அவனைப் பிடித்துப்போகிறது. மூன்றாவதில் அதே கேல், ஆயுதம் வடிவமைக்கும் பீட்டியோடு உட்கார்ந்து அந்தக் கண்ணியின் சூட்சுமத்தையே குண்டாக மாற்றுகிறான். முதலில் ஒரு குண்டு வெடிக்கும். அடிபட்டவர்களைத் தூக்க ஆட்கள் ஓடி வருவார்கள். அப்போது அடுத்தது வெடிக்கும். காயம்பட்ட குழந்தைகளுக்கு மருந்து போட ஓடி வந்த பிரிம் சாவது அந்த இரண்டாவது வெடிப்பில்தான். அது கேல் செய்த குண்டுதானா என்பது அவனுக்கே தெரியாது. முதல் அத்தியாயத்திலிருந்தே கதை இந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

சாமான் அறையில் ஒளிவதும் இப்போது பலவீனமாகத் தோன்றவில்லை. இரண்டு தடவை களத்தில் சாவின் விளிம்பு வரை போய் வந்த 17 வயதுப் பெண் வேறு என்ன செய்வாள்?

கேள்வி: ஆளும் தலைநகரான கேப்பிட்டலின் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாம் என்று காட்னிஸே ஓட்டுப் போடுகிறாளே? அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எனக்கும் நெடுநாள் உறுத்திய இடம் இது. கிளர்ச்சித் தலைவி காயினின் நம்பிக்கையைப் பெறத்தான் ‘சரி’ என்றாள் என்று இப்போது நினைக்கிறேன். அவளை உள்ளும் புறமும் அறிந்த வழிகாட்டி ஹேமிட்ச், ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நிற்கிறார். அதன்பின் கேப்பிட்டலின் அதிபர் ஸ்னோவைக் கொல்லக் கொடுத்த அம்பு காயின் மேல் பாய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: காட்னிஸுக்கு ஏற்றவன் யார், அவளோடு களத்துக்குப் போன பீட்டாவா, கேலா?

பீட்டா. ஆனால் கதை அதைப் பற்றியது இல்லை, தம்பி.

கேள்வி: இது வெறும் டிவி ரியாலிட்டி ஷோ கிண்டல்தானே, மேடம்? போரைப் பற்றிய நாவல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் ரியாலிட்டி போட்டியும் இன்னொன்றில் போர்க் காட்சியும் ஓடின, இரண்டும் மனதில் கலந்துபோயின என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா அமெரிக்க விமானப்படைக்காரர். மகள் சிறுமியாக இருந்தபோது வியட்நாம் போருக்குப் போனவர். அந்த வருஷத்தைப் பற்றி காலின்ஸ் 2013இல் ஒரு படக்கதையே எழுதினார். மாக்கிங்ஜேயில் போர் முடிந்தும் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. கேப்பிட்டல் நினைவுகளைக் குலைத்துவிட்ட பீட்டா, ஒவ்வொரு நினைவையும் ‘இது நிஜமா, இல்லையா’ என்று கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறான். போர் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று தெரிந்தவர் எழுத்து அது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூன்றையும் கொடுக்கலாமா?

முதல் புத்தகத்தை நீங்களும் கூடவே படியுங்கள். களத்தில் காட்னிஸுக்குத் தோழியான சிறுமி ரூ சாகும் இடத்தில் நிறுத்தி, மகளைப் பேச விடுங்கள். ரூவுக்கு 12 வயதுதான். மாக்கிங்ஜேயை இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கொடுங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், புத்தகத்தை மட்டும் அலமாரியில் வைத்திருங்கள்.