மழலையும் இரைச்சலும்

வணக்கம் சார். என் மகளுக்கு எட்டு மாதம். குழந்தைகளுக்கு மொழி எப்படி வருகிறது என்று ஆய்வுக் கட்டுரைகளாகத் தேடிப் படிக்கிறேன். அவள் எழுப்பும் ஒலிகளைத் தினமும் போனில் பதிந்து எக்செல்லில் ஏற்றுகிறேன். ‘அப்பா’ எந்த மாதம் வரும்? வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம், குழம்பிவிடுவாளா? என் மாமியார் ஓயாமல் ‘மம்மு’, ‘தாச்சி’ என்று அரைகுறையாகவே பேசுகிறார். பதிவு முழுக்க அவர் குரல்தான். அதை ‘இரைச்சல்’ என்று தனிக் கட்டத்தில் குறிக்கிறேன். குழந்தையின் உச்சரிப்பு இதனால் கெடுமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று, பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இரண்டு மொழிக் கவலையை விடுங்கள். ஓசூரில் பாதித் தெரு அப்படித்தான் வளர்ந்திருக்கும். ‘அப்பா’ வரும்போது வரும். முதல் ‘ப்பா’ உங்களைக் குறிக்காது, உதட்டை மூடித் திறந்தால் விழுகிற சத்தம் அது. இருந்தாலும் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்?

ஆனால் அந்த ‘இரைச்சல்’ கட்டம்! ஒரு பாட்டி பேத்தியைக் கொஞ்சுவதற்கு இப்படி ஒரு பெயரா? கட்டுரைகளையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். நான்கு மாதக் குழந்தைகள், பெரியவர்களோடு பேசும் குரலைவிடக் கொஞ்சும் குரலைக் கேட்கத்தான் அதிகம் தலையைத் திருப்புகின்றன என்று ஆன் ஃபெர்னால்ட் என்ற ஆய்வாளர் 1985-இலேயே காட்டிவிட்டார். ‘மம்மு’ கேட்டு வளர்ந்த யாரும் கல்யாணப் பந்தியில் மம்மு கேட்டதில்லை.

2003-இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீன், ஆண்ட்ரூ கிங், மெரிடித் வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். உங்கள் மகள் வயதுக் குழந்தைகள்தான். பாதி அம்மாக்களிடம், குழந்தை சத்தம் எழுப்பியதும் சிரியுங்கள், கிட்டே போங்கள், தொடுங்கள் என்றார்கள். மீதி அம்மாக்களும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் தன் குழந்தையின் சத்தத்துக்கு அல்ல, வேறொரு குழந்தையின் அம்மா சிரித்த, தொட்ட நேரக் கணக்குப்படி. முதல் கூட்டத்தின் மழலை அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பேச்சுக்கு நெருங்கி வந்தது. இரண்டாம் கூட்டத்தில் அப்படி நடக்கவில்லை. கொஞ்சல் ஒரே அளவு, வேளைதான் தப்பியது. இதை நான் ஆரம்பித்தாலே என் மனைவி எழுந்து போய்விடுகிறாள், ஆனாலும் சொல்வேன்: குழந்தைக்கு அப்போதே பதில் வேண்டும். நாள் கழித்து எக்செல்லில் அல்ல. உங்கள் மாமியாரைக் கவனியுங்கள். குழந்தை ‘தத்தத்தா’ என்றதும் ‘அப்படியா? அப்புறம்?’ என்பார். பிறகு கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அது அவளுடைய முறை. அவள் பேசுவாள் என்று நம்பி ஒருவர் காத்திருக்கிறார். கட்டம் போட்டுக் குறிக்க வேண்டுமென்றால் அதைக் குறியுங்கள் ஐயா.

சரி, அந்தக் கேசட். 1988. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். நானும் உங்களைப் போலத்தான், நோட்டும் டேப் ரெக்கார்டருமாக அவள் பின்னாலேயே திரிந்தேன். போன வாரம் போட்டுக் கேட்டேன். ‘ப்பா’ என்கிறாள். நாடா ஓடும் கரகரப்பு மட்டும். கொஞ்சம் உரக்க, ‘ப்பா... ப்பா’. மறுபடியும் கரகரப்பு. ஓர் அடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன், பதிவு கெட்டுவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. மூன்றாம் தடவை அவள் குரல் இறங்கிவிட்டது. அப்போது அடுக்களையிலிருந்து என் அம்மா: ‘ஏன்டா, புள்ள கூப்பிடுதுல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?’

அதோடு பதிவு நிற்கிறது. அம்மா கெடுத்துவிட்டாள் என்ற எரிச்சலில் நான்தான் நிறுத்தியிருக்கிறேன்.