அந்த 62 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர் நிதிக்கு, அதாவது சமூகப் பணிக்கென்று அவர்கள் ஒதுக்கும் பணத்துக்கு, விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அக்கா மகன் சாட்ஜிபிடியில் பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். அப்படியே அனுப்பலாமா? ஏமாற்றுவதுபோல் மனசு உறுத்துகிறது.

பதில்: அன்புச் சகோதரி, ஆங்கிலத்துக்கு உதவி வாங்குவதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் தெரிந்த வாத்தியாரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினோமே, அதுபோலத்தான். ஆனால் நீங்கள் இணைத்திருந்த பிரதியை அப்படியே அனுப்ப வேண்டாம்.

'இப்பகுதிக் குழந்தைகளில் 62 சதவீதம் பேர் படிப்பை இடையில் நிறுத்துகிறார்கள்' என்று அதில் இருக்கிறது. இந்தக் கணக்கை யார் எடுத்தார்கள்? இந்தக் கருவிகள் தெரியாத இடத்தில் நம்பும்படியான ஓர் எண்ணைப் போட்டுவிடும். கம்பெனியிலிருந்து வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு வாரும் சித்திரையில், விடியுமுன்னே அளத்துக்குப் போன அம்மா சாயங்காலமே அசந்து படுத்துவிடுவதால், பெரிய பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் உலை வைக்க நின்றுவிடுகிறார்கள். மழை பிடித்து அளம் நின்றதும் திரும்பி வருகிறார்கள். விண்ணப்பத்தில் இது இல்லவே இல்லை! வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஜனவரியில் எத்தனை பேர், ஏப்ரலில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். விண்ணப்பங்களை வாசிக்கும் குழு ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். 'முழுமையான வளர்ச்சி' என்று ஒரே அச்சில் வார்த்த இருபது தாள்களுக்கு நடுவே அப்படியொரு பதிவேட்டுக் கணக்கு வந்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் தமிழில் உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பிறகு, 'புதிதாக எதையும் சேர்க்காமல் ஆங்கிலத்தில் கொடு' என்று கருவியிடம் கேளுங்கள். 'நிதி தருபவர் இதில் என்ன கேள்வி கேட்பார்?' என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு இந்தக் கருவி நல்ல உதவி. வந்ததை அக்கா மகனை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிச் சரிபாருங்கள். சி.எஸ்.ஆர் நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி விவரங்களைச் சான்றிதழைப் பார்த்து நீங்களே நிரப்புங்கள்.

பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு போன் நம்பர் எதையும் அந்தக் கருவியில் ஏற்றவே வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஏஐ பயன்படுத்தினீர்களா என்று கம்பெனி கேட்டால், ஆங்கிலத்துக்கும், என்ன கேள்வி வரும் என்று பார்க்கவும் மட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.