கல்லறையில் வராத கண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 58 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். திருமணமாகி 33 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. அதனால் நான் வாய் திறந்தால் என் தங்கையே, "உனக்கு என்ன குறை?" என்கிறாள். என்ன குறை என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

2023 பிப்ரவரியில் நாங்கள் இருவரும் எருசலேம் பயணம் போனோம். யோர்தான், இஸ்ரேல், எகிப்து என்று பத்து நாள். எங்கள் குழுவில் 42 பேர். சிறுவயது முதலே எனக்கு இருந்த ஆசை அது. என் மாமியார் ஐந்து வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் நான்தான். அவர் இறந்த மறுவருடம், "எருசலேம் பார்க்க வேண்டும் என்பாயே, போய் வருவோம்" என்று இவர் சேமநிதிப் பணத்தை எடுத்தார். தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி கொடுப்பது போல இருந்தது எனக்கு. தமிழக அரசு ஆளுக்கு 37,000 ரூபாய் மானியம் கொடுக்கிறதே, விண்ணப்பிக்கலாம் என்றேன். "நம்மால் முடிகிறது, முடியாதவர்களுக்குப் போகட்டும்" என்று முடித்துவிட்டார். என் பேச்சுக்கு எப்போதும் இந்த மதிப்புதான்.

ஒரு கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊருக்குப் போன நாளை என்னால் மறக்கவே முடியவில்லை. அங்குள்ள கல்யாண ஆலயத்தில் தம்பதிகள் திருமண உடன்படிக்கையைப் புதுப்பிப்பார்கள் என்று பயணத் திட்டத்திலேயே போட்டிருந்தது. அதற்காக என் கல்யாணச் சேலையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்திருந்தேன். காலையில் உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது, "இது எதற்கு?" என்றார். ஆலயத்தில் பதினோரு ஜோடிகள் கைபிடித்து வரிசையாக நின்றார்கள். இவர் மட்டும், "ஒரு தடவை சொன்னது போதும்" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்விட்டார். அங்கே ஒரு பழைய கற்சாடியை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று, எத்தனை குடம் கொள்ளும் என்று வழிகாட்டியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாராம். நான் பட்டுச்சேலையோடு தூண் ஓரமாகத் தனியே நின்றேன். மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

எருசலேம் தெருக்களில் இயேசு சிலுவை சுமந்த பாதையில் நடந்தபோதும் பத்தடி முன்னால்தான் போனார். எனக்கு முழங்கால் வலி என்று தெரியும். சீனாய் மலைக்கு நள்ளிரவில் இளைஞர்களோடு ஏறிப் போய்விட்டார். நான் கீழே ஹோட்டல் அறையில் குளிரில் கிடந்தேன். பத்து நாளில் அவராக என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. ஒலிவமலையில் கர்த்தருடைய ஜெபத்தைப் பல மொழிகளில் சுவரில் பதித்திருக்கும் ஆலயத்தில், "தமிழ் இங்கே இருக்கிறது, வா" என்றார். நின்று வாசித்தோம். சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இயேசுவின் கல்லறை ஆலயத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் என் பக்கத்தில்தான் நின்றார். நாலு வார்த்தை பேசவில்லை. அந்த ஆலய வாசலருகே, இயேசுவின் உடலைக் கிடத்தித் தைலம் பூசியதாகச் சொல்லும் கல் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அவருடைய கணவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்த பிறகாவது என்ன? சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னைச் சாட்சி சொல்ல, அதாவது பயணத்தில் ஆண்டவர் தந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். இவரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். கல்லில் கன்னம் வைத்து அழுதேன், ஆண்டவர் என்னைத் தொட்டார் என்று நான் சொன்னபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். உண்மையில் அங்கே எனக்கு அழுகை வரவில்லை, ஒரே நெரிசல், கல்லறைக்குள் ஒரு நிமிடம்கூட நிற்க விடவில்லை, அதை விடுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் நன்றாகப் பேசினாய் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அன்றும் இல்லை, இன்று வரைக்கும் இல்லை. ஐயரம்மா (போதகரின் மனைவி) முதல் அத்தனை பேரும் பாராட்டினார்கள், இவர் ஒருவர்தான் கல் மாதிரி வந்தார். அதே சாட்சியை நான்கைந்து சபைகளில் சொல்லிவிட்டேன். வருகிற லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) பக்கத்துச் சேகரத்துச் சபைகளுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. முன்பெல்லாம் மணிக்கணக்கில் ஜெபிப்பேன், இப்போது முழங்காலிட்டால் தூக்கம்தான் வருகிறது, வயதாகிவிட்டது. கானா ஊரில் நிற்கவைத்து அவமானப்படுத்தியவரோடு மிச்ச நாளை எப்படி ஓட்டுவது? வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புச் சகோதரிக்கு,

கானா ஊரில் உங்கள் கணவர் செய்தது தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உடன்படிக்கையை மறுபடி சொல்ல விருப்பமில்லை என்றால் முந்தின இரவே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் மனைவியிடம் "இது எதற்கு?" என்று கேட்பது, அவர் எதை நினைத்துக் கேட்டிருந்தாலும், வலிக்கத்தான் செய்யும். அதை அவரிடம் நேராகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் உங்களை என்னிடம் எழுத வைத்தது கானா ஊர் என்று நான் நம்பவில்லை. "அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எழுத வைத்திருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

கல்லறையில் உங்களுக்கு அழுகை வரவில்லை. அழுதது வேறொரு பெண். அவருடைய கண்ணீரைக் கடன் வாங்கி ஊரில் உங்கள் கண்ணீராகச் சொன்னீர்கள். ஒரு முறை சொன்னது ஐந்து முறையாகி, இப்போது ஆறாவது அழைப்பு வந்து நிற்கிறது. இதைக் குற்றப் பத்திரிகையாக எழுதவில்லை. ஊரே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, "இவ்வளவு தூரம் போனேன், ஒன்றும் தோன்றவில்லை" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டே திரிகிறீர்கள்.

இப்போது உங்கள் கணவரின் மௌனத்துக்கு வருவோம். வரிசையில் இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்தில் நின்றவர் அவர். நீங்கள் அழவில்லை என்பது அவருக்குத் தெரியும். உங்கள் சாட்சிக்கு உண்மையான சாட்சி இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் கேலி செய்யவில்லை, திருத்தவில்லை, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்கவில்லை. இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. இதைக் கல் என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாராட்டினால் அந்தப் பொய்யில் தானும் பங்காளியாவார். மறுத்தால் உங்களைச் சபை நடுவே தலைகுனிய வைப்பார். இரண்டும் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் முகத்தைப் பார்த்தால் எரிச்சல் வருவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மனதில் அப்போது இல்லாத ஒன்றைப் பலர் முன்னால் வாயால் சொல்வது அவருக்கு வராது. கானாவில் அதனால்தான் படி இறங்கிப் போனார். உங்களால் சொல்ல முடிந்தது, சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து அவர் எதிரே வரும்போதெல்லாம் உங்களுக்கு அந்த இரண்டும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. தன் குற்ற உணர்ச்சியைத் தாங்க முடியாதபோது, அதை அறிந்தவர் மேல் கோபப்படுவது மனித இயல்பு. கானாவில் அவர் செய்த ஒரு தவறு உங்களுக்கு வசதியாகக் கிடைத்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அந்த மற்றது என்ன? ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டாரோ என்ற பயம். ஜெபத்தில் தூக்கம் வருவதற்கு வயதைக் காரணம் காட்டிவிட்டீர்கள். ஐந்து வருடம் ஒரு நோயாளியோடு இரவும் பகலும் கிடந்திருக்கிறீர்கள். எத்தனை இரவு முழுதாகத் தூங்கியிருப்பீர்கள்? மனம் அப்படிப்பட்ட காலத்தைக் கடப்பதற்குத் தன் உணர்ச்சிகளை இறுக்கிக் கட்டிவைக்கிறது. நோயாளி இறந்துவிட்டார் என்பதால் மறுநாளே கட்டு அவிழ்ந்துவிடாது. என்னிடம் வருகிறவர்களில், பெற்றவர்களையோ மாமனார் மாமியாரையோ நீண்ட காலம் பார்த்துக்கொண்ட பெண்கள் பலர் இதையே சொல்வார்கள்: "அழுகை வரவே மாட்டேன் என்கிறது." நீங்கள் அந்த இறுக்கத்தோடு விமானம் ஏறினீர்கள். புனித பூமியில் கால் வைத்ததும் பழைய மனது திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்த்தீர்கள். வரவில்லை. எருசலேமிலேயே வராவிட்டால் இனி எங்கே வரும் என்ற திகில்தான் உங்களைச் சாட்சி மேடையில் அப்படிப் பேச வைத்தது.

நான் போதகர் இல்லை. ஆனாலும் நீங்கள் போய் வந்த இடங்களை வைத்தே ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் குளிரில் படுத்திருந்தீர்களே சீனாய் மலையடிவாரம், அங்கே புனித கத்தரீனாள் மடம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த மடத்திலிருந்துதான் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமக் கைப்பிரதி ஒன்று உலகத்துக்குத் தெரிய வந்தது. சீனாய் கைப்பிரதி என்றே அதற்குப் பெயர். மாற்கு எழுதிய சுவிசேஷம் அதில் எந்த இடத்தில் முடிகிறது தெரியுமா? விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கல்லறைக்கு முதன்முதலில் போன பெண்களைப் பற்றி அந்தப் பிரதியில் மாற்கு கடைசியாகச் சொல்வது அவ்வளவுதான். அவர்கள் எதற்காகப் போனார்கள்? இறந்த உடலுக்குச் சுகந்தவர்க்கமிட. ஐந்து வருடம் ஒரு உடலைக் கழுவி மருந்து வைத்த உங்களுக்கு அந்தப் பெண்களை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கானா ஊரையும் சும்மா விட எனக்கு மனமில்லை. எத்தனை குடம் என்று உங்கள் கணவர் கேட்டாரே, அது வீண் கேள்வி இல்லை. ஒவ்வொரு சாடியும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறது வேதம். இன்றைய கணக்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர். அப்படி ஆறு சாடிகள். கிணற்றிலிருந்து மொண்டு வந்து விளிம்பு வரை நிரப்ப எத்தனை நடை நடந்திருப்பார்கள்! அதுவும் குடிக்க வைத்த தண்ணீர் இல்லை. கைகால் கழுவிச் சுத்திகரித்துக்கொள்ள வைத்த தண்ணீர். திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை. மணமகனுக்கும் தெரிந்ததாகச் செய்தி இல்லை. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. மாமியாரைக் குளிப்பாட்ட நீங்கள் வாளி வாளியாகத் தூக்கிய தண்ணீரை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தண்ணீர் மொண்டது யார் என்று தன் அம்மாவின் படுக்கையருகே நின்று பார்த்தவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சேமநிதியில் கை வைத்தார். அதைக் கூலி என்று எழுதிவிட்டீர்கள். கூலி கொடுக்கிறவன் எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் போவான். கூடவே பத்து நாள் பயணம் வர மாட்டான். முன்னால் நடந்தாலும், அவர் வந்தார்.

ஒலிவமலையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அவருக்கு உங்களைக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது. குழுவில் 42 பேர் இருந்தார்கள். இருவரும் நின்று வாசித்ததை இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போட்டோ எடுக்காத குறைக்குப் போய்விட்டீர்கள். அந்தச் சுவருக்கு முன்னால் உங்கள் மனம் எப்படி இருந்தது? கன்னம் வைத்து அழுத பெண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டதால், அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையோ என்னவோ.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜெபத்தில் தூக்கம் என்கிறீர்கள்; இரவுத் தூக்கம், பசி, சோர்வு எப்படி என்பதை ஒரு மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மனச்சோர்வும் இப்படித்தான் ஓசையில்லாமல் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு.

சபையில் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று அறிவிக்கும்படி உங்களிடம் சொல்ல மாட்டேன். முதலில் சொல்ல வேண்டியவர் வீட்டிலேயே இருக்கிறார். ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "கல்லறையில் எனக்கு அழுகை வரவில்லை" என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். கானாவை அன்று இழுக்க வேண்டாம். அவர் பதில் சொல்ல நேரம் எடுப்பார், காத்திருங்கள். அவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றை உங்கள் வாயால் கேட்பதற்கு இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். சேலையைப் பற்றி இன்னொரு நாள் பேசுங்கள். அன்று நீங்கள் எப்படி நின்றீர்கள் என்பதை, தூண் உட்பட, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவர் அந்தச் சாடியின் அருகே நின்று எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்றும் கேளுங்கள்.

லெந்து கூட்டத்துக்கு இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம். அவரோடு பேசி முடித்த பிறகும் போகத் தோன்றினால், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: கூட்டம், முழங்கால் வலி, இரண்டு மணி நேர வரிசை, கல்லில் கன்னம் வைத்து அழுத ஒரு பெண், அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற நீங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்