பெரிய அளவை முதலில் வெட்டுங்கள்

வணக்கம். கோவையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு டி-ஷர்ட் பிராண்ட் தொடங்குகிறோம். எல்லா உடல்களுக்குமானது, எஸ் முதல் 5எக்ஸ்எல் வரை. ஆர்கானிக் பருத்தி, திருப்பூரில் தையல். அளவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். 2எக்ஸ்எல்லுக்கு மேல் நூறு ரூபாய் கூடுதலாக வைக்கலாம் என்று எண்ணம். ஆர்கானிக் துணிக்கான ஜிஓடிஎஸ் சான்றிதழை முதலிலேயே வாங்க வேண்டுமா? பெயர் தமிழில் இருக்கலாமா?
க., கோவை

அன்புள்ள க.,

பெயர் எந்த மொழியிலும் இருக்கட்டும். சான்றிதழுக்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் அளவுப் பட்டியல்.

எஸ்ஸுக்கு மார்பு 38, தோள் 17 அங்குலம். அளவுக்கு அளவு மார்பில் 2, தோளில் 1 ஏற்றியிருக்கிறீர்கள். ஏழு படி ஏறினால் 5எக்ஸ்எல்லின் தோள் 24. உடம்பு பருத்தால் தோள் எலும்பு ஏழு அங்குலம் நீளுமா? கைத் தையல் மேற்கையின் பாதியில் போய்த் தொங்கும். கழுத்தையும் அதே கணக்கில் ஏற்றினால் பட்டை மார்புக்கு இறங்கும். வயிறு துணியை இழுப்பதால் முன்பக்க விளிம்பு தூக்கும். இருசக்கர வண்டியில் குனிந்தால் முதுகு தெரியும். அப்படி ஒரு சட்டையைக் கொடுத்து ‘எல்லோருக்குமானது’ என்று சொல்வது, வாங்குகிறவரிடம் ‘குறை உன் உடம்பில்’ என்று சொல்வதுதான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எம் அளவின் பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் வடிவத்தை, இரண்டு மூன்று அளவுக்கு மேல் இழுக்காதீர்கள். 3எக்ஸ்எல்லுக்குத் தனி அடிப்படைப் பேட்டர்ன் போடச் சொல்லுங்கள். அதில் தோள் ஏற்றம் அளவுக்குக் கால் அங்குலம் போதும். மேற்கைச் சுற்றளவு தாராளமாக ஏற வேண்டும். முன் உடல் பின் உடலைவிட அகலமாகவும், நடுவில் ஓர் அங்குலம் நீளமாகவும் இருந்து பக்கத் தையலில் சமமாகட்டும். அந்த அளவுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் சாம்பிளைப் போட்டுப் பாருங்கள். பொம்மைக்குப் போட்டால் எதுவும் தெரியாது. கை தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். பிறகு மூன்று முறை துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி வைக்கும் வேலை, சரியில்லாத துணி நீளத்தில் சுருங்கும். நூலில் முறுக்கு அதிகமான துணியில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வரும். ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறப் போடாமல் வெட்டினாலும் அளவு மாறும். அவசரத்தில் கட்டிங்கில் இதைத்தான் முதலில் விடுவார்கள்.

அந்த நூறு ரூபாயை எடுத்துவிடுங்கள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியில் எம்முக்குச் சுமார் 200 கிராம் போனால் 5எக்ஸ்எல்லுக்கு 300 ஆகும். கூடுவது துணிக்காசுதான், பிரிண்டும் செக்கிங்கும் பேக்கிங்கும் எல்லா அளவுக்கும் ஒன்றே. எல்லா அளவுக்கும் சராசரி போட்டு ஒரே விலை வையுங்கள்.

சுற்றுச்சூழலுக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை, சட்டை பொருந்துவதே சுற்றுச்சூழல் அக்கறைதான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினையில் பிணையும் சாயம்) ஏற அடர் நிறத்துக்கு வழக்கமாக லிட்டருக்கு 60 கிராமாவது உப்பு வேண்டும். கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்றால், ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. நொய்யல் ஆற்றில் கலந்த அந்த உப்பை ஒரத்துப்பாளையம் அணை தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் திருப்பூர். பொருந்தாமல் திரும்பி வந்து கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு பீஸும் அந்த உப்பை வீணாகச் செலவழித்த பீஸ். பருத்தி ஆர்கானிக் என்பதால் சாயத்தொட்டியில் உப்பு குறையாது. ஆகவே இரண்டே நிறத்தில் தொடங்குங்கள். பெரிய அளவுகளுக்கான துணியைச் சாயமேற்றி ரோலாகவே வைத்து, ஆர்டர் வந்ததும் வெட்டுங்கள். கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியையும் அதே தொட்டியில் போடச் சொல்லுங்கள், பிறகு போட்டால் நிறம் ஒட்டாது. கழிவுநீரிலிருந்து உப்பை மீட்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு பட்டறை இணைந்திருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

சான்றிதழ்: நூலுக்கு மட்டும் இருந்தால் முத்திரை போட முடியாது. நிட்டிங், சாயம், தையல் என எல்லாப் படியிலும் சான்று பெற்ற இடமாக இருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று எழுத 95 சதவீத ஆர்கானிக் இழை தேவை. முதல் லாட் விற்ற பிறகு அதற்குப் போகலாம்.

மனம் தளராதீர்கள், நல்ல வேலையைத்தான் தொட்டிருக்கிறீர்கள். பட்டியலைத் திருத்தி அனுப்புங்கள். உடலளவு ஒரு நெடுவரிசையிலும் சட்டையளவு இன்னொரு நெடுவரிசையிலும், இரண்டும் அங்குலத்தில்.