சீனாவின் ஷாங் வம்சமும் யின் வம்சமும் ஒன்றா? அது கட்டுக்கதையா?

ஒன்றேதான். பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு புத்தகத்தில் ஷாங், இன்னொன்றில் யின் என்று பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். ஷாங் அரசர்கள் தங்கள் தலைநகரை 'பெரிய ஊர் ஷாங்' என்றே எழுதிவைத்தார்கள். யின் என்பது அவர்களை வீழ்த்திய ஜோவ் வம்சத்தார் அழைத்த பெயர். யின்-யாங்கில் வரும் யின் வேறு எழுத்து. தயவுசெய்து இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

கட்டுக்கதையும் இல்லை. மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று பொடித்து விற்றுக்கொண்டிருந்த துண்டுகளில் இருப்பது பழைய எழுத்து என்று 1899-ல் வாங் யீரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டார். அவை ஷாங் அரசர்கள் குறி கேட்ட எலும்புகளும் ஆமை ஓடுகளும். அவற்றில் வரும் அரசர் பெயர்களை 1917-ல் வாங் குவோவெய் என்ற இன்னொரு அறிஞர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஷாங் முடிந்து ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிய பட்டியலோடு பெரும்பாலும் பொருந்தின.

"குறி கேட்ட எலும்பெல்லாம் சரித்திரமா?" என்று யாராவது கிளம்புவார்கள். குறி கேட்ட முறையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆமையின் அடி ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சுத்தம் செய்து, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். பின்பக்கம் நீளவாக்கில் ஒரு குழி, அதை ஒட்டி வட்டமாக இன்னொரு குழி. முன்பக்கம் பொத்துக்கொள்ளாமல் மெல்லிய படலம் மிஞ்ச வேண்டும். தடிமனாக விட்டால் வெடிப்பு சரியாக விழாது. குழியில் சூடு வைத்தால் முன்பக்கம் நெடுக ஒரு கோடும், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளையும் வெடிக்கும். அதைப் பார்த்துப் பலன் சொன்ன பிறகுதான் எழுத்தைச் செதுக்குவார்கள். ஆமை ஓடாக இருந்தால், 'நடக்கும்' என்று ஒரு பாதியிலும் 'நடக்காது' என்று மறு பாதியிலும் பல சமயம் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டிருப்பார்கள். இணையத்தில் படம் போடுகிறவர்கள் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் போட்டு, வேலைப்பாடு முழுதும் இருக்கிற பின்பக்கத்தை விட்டுவிடுவதுதான் எரிச்சல்.

அரசன் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவின் பிரசவக் குறி நல்ல உதாரணம். டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்று அரசன் சொன்னான். (டிங், கெங், ஜியாயின் எல்லாம் அவர்கள் நாள்காட்டியில் நாள்களின் பெயர்கள்.) 31 நாள் கழித்து ஜியாயின் நாளில் குழந்தை பிறந்தது. 'நல்லதில்லை, பெண்' என்று செதுக்கியிருக்கிறார்கள். (எழுதியது அவர்கள், என்னைத் திட்டாதீர்கள்.) அரசன் சொன்னது பலிக்காததையும் மறைக்காமல் பதிந்த ஆவணம் இது. 1976-ல் ஷாங்கின் கடைசித் தலைநகர் இருந்த அன்யாங்கில் கொள்ளை போகாத ஒரு கல்லறையைத் திறந்தபோது 468 வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. பலவற்றில் அதே ஃபூ ஹாவின் பெயர்.

ஆண்டு விஷயத்தில் மட்டும் கவனம். எழுத்துச் சான்று உறுதியாகத் தொடங்குவது வூ டிங் காலத்தில், சுமார் கி.மு. 1250-ல். வம்சத்தின் தொடக்கம் கி.மு. 1600 என்பது மதிப்பீடு. முடிவு கி.மு. 1046 என்பதைத்தான் இப்போது பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய புத்தகங்களில் 1766–1122 என்று இருக்கும். அது பழைய கணக்கு. பரீட்சையில் உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டி 1766–1046 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.